எங்கட காலடியில் ஒரு ஊர்: ஸ்காபரோவின் முதல் கமக்காரர்

சித்திரை பிறந்துவிட்டது. ஊரில் என்றால் மருத்துநீர் வைத்து முழுகி, புது உடுப்புப் போட்டு, கைவிசேடம் வாங்கி, கோயில் வீதியில் போர்த்தேங்காய் அடிப்பதை விடுப்புப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். இங்கே பின்வளவில் உறைந்த மண் இப்போதுதான் இளகத் தொடங்குகிறது. இப்படியான மலர்களில் சங்கிலி மன்னனையும் நல்லூரையும் பண்டாரவன்னியனையும் பற்றி நிறைய வாசித்திருப்பீர்கள். அவை எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் நாற்பது வருடமாக நாங்கள் குடியிருக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. இம்முறை அதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்கட கலைவிழாக்களில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. மங்கள விளக்கேற்றி, கனடா கீதமும் தமிழ்மொழி வாழ்த்தும் முடிந்த கையோடு ஒரு பிள்ளை மேடைக்கு வந்து, இந்த நிலம் மிசிசாகா, அனிஷினாபே, ஹோடெனோஷோனி, வென்டாட் மக்களின் பாரம்பரிய நிலம் என்று ஆங்கிலத்தில் வாசிக்கும். கனபேர் அந்த நேரத்தில்தான் கதிரை தேடிக்கொண்டிருப்போம். அந்தப் பட்டியலின் கடைசிப் பெயரான வென்டாட் மக்களைப் பற்றியதே இக்கட்டுரை. அவர்கள் ஸ்காபரோவில் தோட்டம் செய்தவர்கள். பிறகு அகதியானவர்கள். அகதியான பிறகும் அழியாமல் இருப்பவர்கள்.

டேபர் குன்று

லோறன்ஸ் அவெனியூவும் பெலமி றோட்டும் சந்திக்கும் இடத்துக்கு வடகிழக்கே, வீடுகளின் நடுவில் புல் மூடிய ஒரு குன்று இருக்கிறது. அதைச் சுற்றிப் போகும் தெருவுக்கு இந்தியன் மவுண்ட் கிரெசன்ட் என்று பெயர். அந்தப் பக்கம் குடியிருந்த எங்கட குடும்பங்கள் கொஞ்சமல்ல. பார்த்தால் சின்னப் பூங்கா மாதிரித்தான் தெரியும். அது ஒரு மயானம்.

1956 ஓகஸ்ட் 17ஆம் திகதி, வயல்நிலத்தை வீட்டுத்திட்டமாக மாற்றுவதற்காக இயந்திரம் கொண்டு மண்ணைக் கிண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. ரோயல் ஒன்ராறியோ நூதனசாலையைச் சேர்ந்த தொல்லியலாளர் வால்டர் கென்யன் வந்து பார்த்தார். ஒருவர் இருவருடைய எலும்புகள் அல்ல. ஏறக்குறைய ஐந்நூறு பேருடைய எலும்புகள் ஒன்றாகச் சேர்த்துப் புதைக்கப்பட்டிருந்தன. அங்கேயுள்ள நினைவுக்கல் 472 பேர் என்றும் காலம் கி.பி. 1250 அளவு என்றும் சொல்கிறது. பிந்திய ஆய்வாளர்கள் தொகையை இன்னும் கூட்டியும் காலத்தை 14ஆம் நூற்றாண்டுக்குக் கிட்டவாகவும் சொல்கின்றனர். எப்படிப் பார்த்தாலும், நல்லூரில் ஆரியச் சக்கரவர்த்திகள் ஆண்ட காலத்தை ஒட்டி இங்கே ஒரு சமூகம் தன் முன்னோரை ஒன்றாகச் சேர்த்து அடக்கம் செய்திருக்கிறது.

இறந்தவர்கள் இருந்தால் வாழ்ந்தவர்களும் இருக்க வேண்டும் அல்லவா? வடக்கு ஸ்காபரோவில் லாமரோ பூங்காப் பக்கம், ஹைலன்ட் ஓடையை ஒட்டி, 2000ஆம் ஆண்டளவில் வீடு கட்டுவதற்கு முன் நிலத்தைச் சோதித்தபோது 14ஆம் நூற்றாண்டு வென்டாட் ஊர் ஒன்று அகப்பட்டது. அலெக்சாண்ட்ரா தலம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பதினைந்துக்கும் மேற்பட்ட நீண்ட வீடுகளின் கம்பக் குழிகள் அங்கே தெரிந்தன. கனடிகளும் மகனடிகளும் சைக்கிளோடும் பூங்காவின் கீழே ஒரு முழு ஊர்!

1793இல் ஆளுநர் சிம்கோவின் மனைவி எலிசபெத் இங்குள்ள வாவிக்கரைச் செங்குத்துப் பாறைகளைப் பார்த்து இங்கிலாந்தின் ஸ்காபரோவை நினைத்துக்கொண்டார். அதனால் இந்தப் பெயர் நிலைத்தது. 'கனடா' என்ற பெயர் மட்டும் இந்த மண்ணுடையது. வென்டாட் மொழிக்கு உறவான ஒரு மொழியைப் பேசியவர்களிடம் 1535இல் பிரெஞ்சு மாலுமி கார்ட்டியே கேட்ட 'கனாட்டா' என்ற சொல்லிலிருந்து அது வந்தது. அதன் பொருள் ஊர். ஊரை விட்டு வந்த எங்கட கடவுச்சீட்டில் அச்சடித்திருக்கும் சொல்லுக்கு அர்த்தம் ஊர்தான்.

நீண்ட வீடும் தாய்வழிக் குடியும்

வென்டாட் என்றால் தீவில் வாழ்பவர் என்று பொருள் சொல்வர். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆட்கள் சந்தோஷப்படலாம்! ஹியூரன் என்பது பிரெஞ்சுக்காரர் இட்ட பட்டப்பெயர்.

இளமரங்களை நட்டு, மேலே வளைத்துக் கட்டி, மரப்பட்டையால் வேய்ந்தது அவர்களுடைய வீடு. ஆணி கிடையாது. அகலம் இருபதடிக்கு மேல். நீளம் எழுபது, நூறு அடி, சிலவேளை அதிலும் கூட. நடுவே வரிசையாக அடுப்புகள். ஒவ்வோர் அடுப்புக்கும் இரு பக்கமும் இரண்டு குடும்பங்கள். புகை கூரைத் துவாரத்தால் போகும். போகாதது கண்ணைக் கெடுக்கும் என்று அவர்களோடு தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் முறைப்பட்டிருக்கிறார்கள்.

வீடு பெண்வழியில் போகும். கலியாணம் முடித்தவன் பெரும்பாலும் மனைவி வீட்டுக்குப் போவான். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஆமை, ஓநாய், கரடி, மான் என்று குடிகளுக்குப் பெயர். தலைவர் பதவி மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குப் போகும். இதைக் கேட்டு வெள்ளைக்காரக் குருமார் ஆச்சரியப்பட்டார்கள். மட்டக்களப்பார் ஆச்சரியப்பட மாட்டார்கள். அங்கே குடி தாய்வழியில்தான் வருகிறது. கோயில் உரிமையும் மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். யாழ்ப்பாணத்திலும் வீடுவளவு மகளுக்குத்தானே சீதனமாகப் போகிறது.

மூன்று சகோதரிகள்

வென்டாட் மக்கள் வேட்டையாடித் திரிந்தவர்கள் என்று எங்கட பிள்ளைகள் நினைக்கின்றன. அவர்கள் கமக்காரர். அவர்களுடைய சாப்பாட்டில் பாதிக்கு மேல் சோளன்.

சோளன் மெக்சிக்கோவில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் வருடத்துக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதர் கையால் உருவானது. அங்கிருந்து வடக்கே ஏறியது. இன்றைய நியூ மெக்சிக்கோ, அரிசோனா பாலைவனத்தில் பியூப்லோ மக்கள் மழையை வேண்டி ஆடிப்பாடி அதை வளர்த்தார்கள். இன்றும் வளர்க்கிறார்கள். இன்னும் வடக்கே வந்து, கி.பி. 500 அளவில் ஒன்ராறியோவையும் அடைந்தது. இங்கே பனி விழாத நாட்கள் வருடத்தில் ஐந்து மாதம்கூட இல்லை. அதற்குள் விளையக்கூடிய, கல்லுப்போல மணியுள்ள வகையைத் தலைமுறை தலைமுறையாக விதை தெரிந்து எடுத்தவர்கள் இந்த மண்ணின் பெண்கள்.

காடு வெட்டுவது ஆண்களின் வேலை. நடுவது, களை பிடுங்குவது, அறுப்பது எல்லாம் பெண்கள். உழுவதில்லை. முழங்கால் உயரத்துக்குக் கிட்ட மண்ணைக் கூட்டி மேடு மேடாக அமைப்பார்கள். ஒவ்வொரு மேட்டிலும் சில சோளன் விதை. அது கொஞ்சம் எழும்பியதும் பக்கத்தில் போஞ்சி. இடைவெளியில் பூசணி. இந்த மூன்றையும் சேர்த்து மூன்று சகோதரிகள் என்பார்கள். சோளன் தண்டு போஞ்சிக்குக் கொழுகொம்பு. போஞ்சியின் வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து மண்ணுக்குச் சேர்க்கும். பூசணி இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். சாப்பாட்டிலும் அப்படித்தான். சோளனில் குறைவான சத்தைப் போஞ்சி ஈடுசெய்யும்.

1623இல் அவர்களோடு மாரி காலம் தங்கிய சகார் என்ற பிரெஞ்சுத் துறவி, பெண்கள் பூசணி விதை முளைக்க வைத்த விதத்தை எழுதிவைத்திருக்கிறார். உக்கிய மரத்தூளை மரப்பட்டைப் பெட்டியில் நிரப்பி, விதையைப் புதைத்து, அடுப்பின் இளஞ்சூட்டில் தொங்கவிடுவார்களாம். முளைத்ததும் தோட்டத்தில் நடுவார்களாம். இப்போது பங்குனியில் எங்கட அம்மாமார் தயிர்ப்பேணியில் மிளகாய் விதையைப் போட்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பதும் அதே வித்தைதான்.

சோளனை இடிக்க மரத்தைக் குடைந்த உரலும் நீண்ட உலக்கையும் வைத்திருந்தார்கள். இடித்த மாவைத் தண்ணீரில் காய்ச்சி, மீனோ இறைச்சியோ போஞ்சியோ போட்டுக் கூழாக்குவார்கள். எங்கட ஒடியல் கூழை நினைத்துக்கொள்ளுங்கோ. இளஞ்சோளனைத் தேங்கிய தண்ணீரில் மாதக்கணக்கில் புளிக்கவைத்தும் சாப்பிடுவார்கள். அதன் மணம் சகாருக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு எங்கட கருவாட்டைக் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

பத்து இருபது வருடத்தில் மண் இளைத்துவிடும். கிட்டடியில் விறகும் முடிந்துவிடும். அப்போது ஊர் முழுவதும் சில மைல் தள்ளிப் புது இடத்துக்குப் போகும். வன்னியிலும் மட்டக்களப்பிலும் சேனை வெட்டிய எங்கட ஆட்களுக்கு இது விளங்கும். சேனையிலும் சோளனும் பூசணியும் பயறும் ஒன்றாகத்தானே நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோளன், மிளகாய், மரவள்ளி, உருளைக்கிழங்கு, தக்காளி, கச்சான், பூசணி, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகள் வளர்த்தெடுத்தவை. பறங்கியர் காலத்துக்குப் பிறகுதான் எங்களிடம் வந்தன. வென்டாட் மக்களுக்குப் புகையிலை ஒரு காணிக்கைப் பொருள். தண்ணீரிலும் நெருப்பிலும் பாறையிலும் இட்டுத்தான் வேண்டுதல் செய்வார்கள். யாழ்ப்பாணத்தில் அதே செடி திருவிதாங்கூர் வரை ஏற்றுமதியாகிக் கல்வீடு கட்டித் தந்தது, பிள்ளைகளைப் படிப்பித்தது. வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலைக்குத் தண்ணி இறைத்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, அந்தச் செடியின் மூத்த சொந்தக்காரர் யார் என்பது ஸ்காபரோவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மண்ணும் நாரும்

பானை செய்வது பெண்களின் தொழில். சக்கரம் கிடையாது. கல்லை இடித்துத் தூளாக்கிக் களிமண்ணோடு குழைத்து, கையால் தட்டித் தட்டி உருட்டையாக்குவார்கள். கழுத்துப் பகுதியில் கூரான எலும்பாலோ தடியாலோ கோடுகள் கீறுவார்கள். தாய் கீறிய கோட்டை மகள் கீறினாள். ஆகவே இன்று ஒரு பானை ஓட்டைப் பார்த்தே அது எந்தக் காலத்தது, எந்தப் பக்கத்து ஊரோடு உறவு கொண்டது என்று தொல்லியலாளர் மட்டுக்கட்டுகிறார்கள். ஆனைக்கோட்டையிலும் கந்தரோடையிலும் எடுத்த ஓடுகளை வைத்து எங்கட பழமையைப் பேசுகிறோமே, அதே முறைதான்.

காட்டுச் செடி நாரைப் பெண்கள் தொடையில் வைத்துத் திரித்து நூலாக்க, ஆண்கள் வலை பின்னினார்கள். அந்த வலையும் சோளனும் வடக்கே வேட்டையாடும் மக்களிடம் தோலுக்கும் உரோமத்துக்கும் பண்டமாற்றாகப் போயின. சோளன் மடலிலும் நாணலிலும் பாய், பேர்ச் மரப்பட்டையில் பெட்டியும் தட்டும், கல்லிலும் களிமண்ணிலும் மனித முகம், பறவை முகம் வைத்த சுங்கான், சிப்பியில் மணிமாலை. எங்களுக்குப் பனை மாதிரி அவர்களுக்கு மரப்பட்டை.

ஆமையின் முதுகு

அவர்களுடைய நம்பிக்கையில் ஆதித்தாய் ஆத்தஎன்சிக் வானுலகத்திலிருந்து தவறி விழுகிறாள். கீழே எங்கும் தண்ணீர். அவள் விழுவதைக் கண்ட ஆமை, நீருக்கு அடியிலிருந்து மண் எடுத்துவந்து தன் முதுகில் போடும்படி மற்ற உயிர்களைக் கேட்கிறது. அந்த மண்தான் பரந்து இந்தப் பூமி ஆனது. அவளுடைய வழியில் இரட்டையர் பிறந்தார்கள். இயூஸ்கேகா நல்லதைப் படைத்து, மனிதருக்குச் சோளனைக் கொடுத்தவன். தவிஸ்கரோன் அவனோடு முரண்பட்டுச் சண்டையிட்டுக் காயப்பட்டு ஓடியவன். பாற்கடலில் மந்தர மலையைத் தாங்கிய கூர்மாவதாரத்தைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு ஆமை முதுகில் பூமி இருப்பது புதினமில்லை.

எல்லாவற்றுக்கும் ஆவி உண்டு என்பது அவர்களுடைய எண்ணம். மீன் வாடியில் மீன்களைப் பார்த்துப் பிரசங்கம் செய்ய ஒருவர் இருந்தாராம். வலையில் வந்து விழும்படியும், மீன் எலும்பை நாங்கள் நெருப்பில் போட மாட்டோம் என்றும் சொல்வாராம். சகார் தெரியாமல் எலும்பை நெருப்பில் போடப்போனபோது ஏசிவிட்டார்களாம். இதை மூடநம்பிக்கை என்று அவர் எழுதினார். உயிரை எடுக்கிறவன் அந்த உயிருக்கு மரியாதை வைக்க வேண்டும் என்பதே அதன் சாரம் என்று எனக்குப் படுகிறது.

எலும்புகளின் விழா

டேபர் குன்றுக்குத் திரும்பி வருவோம். ஒருவர் இறந்தால் முதலில் ஊருக்குப் பக்கத்து மயானத்தில் தனியாக வைப்பார்கள். மனிதருக்கு இரண்டு ஆன்மா. ஒன்று எலும்போடு தங்கியிருக்கும். ஆகையால்தான் எலும்புக்கும் ஆன்மாவுக்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெருவிழா வரும். எல்லா வீட்டாரும் தங்கள் இறந்தவரை எடுத்து, எலும்பைத் துப்புரவாக்கி, பீவர் தோலில் சுற்றித் தோளில் சுமந்து வருவார்கள். தூர ஊர்களும் வந்து சேரும். எல்லா எலும்பையும் ஒரே குழியில் கலந்து இடுவார்கள். பணக்காரன், ஏழை, தலைவன், குழந்தை என்ற வித்தியாசம் அங்கே இல்லை. அதன் பிறகுதான் ஆன்மா பால்வீதி வழியே மேற்கேயுள்ள ஆன்மாக்களின் ஊருக்குப் போகும்.

1636இல் ஒசொசானே என்ற ஊரில் நடந்த விழாவை யேசு சபைக் குரு பிரெபெஃப் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். குழி பத்தடி ஆழம். அதன் உட்புறமெல்லாம் புதுப் பீவர் போர்வை. ஒரு பெண் தன் தகப்பனின் தலைமுடியை வாரிவிட்டு, எலும்புகளை ஒவ்வொன்றாக அன்போடு தடவியதையும், இறந்த தன் பிள்ளைகளின் கையெலும்புக்கு மணி வளையல் போட்டுக் கண்ணீரால் நனைத்ததையும் அவர் குறித்திருக்கிறார். மதம் மாற்ற வந்தவர்தான். ஆனாலும் அந்த அன்பைக் கண்டு மனம் நெகிழ்ந்துவிட்டார்.

எங்கட ஆட்கள் சிலருக்கு எலும்பைக் கையில் எடுப்பது அருவருப்பாக இருக்கலாம். புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பிலும் தமிழகத்து ஆதிச்சநல்லூரிலும் தோண்டியெடுத்த தாழிகளை நினைத்துப் பாருங்கோ. தசை போன பிறகு எலும்பைச் சேர்த்துத் தாழியில் இட்டவர்கள் எங்கட முன்னோர். இப்போதும் காடாத்துக்குச் சாம்பல் அள்ளி, கீரிமலைக் கடலில் கரைத்து, அந்தியேட்டி செய்கிறோம். இங்கே செத்தவரின் அஸ்தியை விமானத்தில் கீரிமலைக்குக் கொண்டுபோன பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஊர் கலைந்த கதை

16ஆம் நூற்றாண்டின் முடிவளவில் வென்டாட் மக்கள் ஒன்ராறியோ வாவிக்கரையை விட்டுப் படிப்படியாக வடக்கே, ஜோர்ஜியன் குடாப் பக்கம் ஒன்றுசேர்ந்தார்கள். 1615இல் சாம்பிளேன் அங்கே போனபோது இருபதாயிரம், முப்பதாயிரம் பேர் இருந்திருப்பார்கள் என்று கணிக்கிறார்கள். நாலு வருடம் கழித்து, 1619இல், யாழ்ப்பாண இராச்சியம் பறங்கியர் கையில் விழுந்தது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிபட்டது. ஒரே காலத்தில், உலகின் இரண்டு மூலையில், வணிகக் கப்பலும் துவக்கும் வேதமும் ஒன்றாக வந்து இறங்கின.

1634 தொடங்கி ஆறு வருடத்துக்குள் பெரியம்மையும் வேறு தொற்றுகளும் வந்து பாதிச் சனத்துக்கு மேல் கொண்டுபோயின. கிழவரும் குழந்தைகளும்தான் கூட. அதாவது, கதையும் சடங்கும் தெரிந்தவர்களும், அவற்றைப் படிக்க வேண்டியவர்களும். அதன் பிறகு போர். தெற்கேயிருந்த ஹோடெனோஷோனி ஐந்து தேசக் கூட்டமைப்பு ஒல்லாந்தரிடம் துவக்கு வாங்கியிருந்தது. பிரெஞ்சுக்காரரோ ஞானஸ்நானம் பெற்ற வென்டாட்டுக்கு மட்டுமே துவக்குக் கொடுத்தார்கள். பீவர் தோல் வியாபாரப் போட்டியும், நோயில் செத்தவருக்குப் பதிலாகச் சிறைபிடித்து ஆள் சேர்க்கும் வழக்கமும் நெருப்பை மூட்டின. இரு தரப்பும் ஒரே மொழிக் குடும்பம். இரு தரப்பும் நட்டது அதே மூன்று சகோதரிகளை. சகோதரச் சண்டையின் கசப்பை எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

1648, 1649இல் ஊர் ஊராக எரிந்தது. மிஞ்சியவர்கள் கஹொயென்டோ என்ற தீவுக்கு ஓடினார்கள். விதைத்து அறுக்க நேரமில்லை. அந்த மாரியில் பசியால் செத்தவர் பெருந்தொகை. ஒருகாலத்தில் அயலாருக்கெல்லாம் சோளன் விற்ற சனம் மரப்பட்டையையும் பாசியையும் தின்றது. 1650 ஆனியில் முந்நூறு பேரளவில் கியூபெக்குக்குப் புறப்பட்டார்கள். வேறு சிலர் மேற்கே போனார்கள். இன்னும் பலர் ஹோடெனோஷோனி ஊர்களிலேயே சேர்க்கப்பட்டார்கள்.

கியூபெக்கிலும் ஒரே இடத்தில் இருக்கக் கிடைக்கவில்லை. ஓர்லியன் தீவு, கியூபெக் நகரம், போபோர்ட், ஃபுவா, லொறெட் என்று முகாம் முகாமாக இடம்பெயர்ந்து, 1697இல் இன்றைய வென்டேக் என்ற இடத்தில் நிலைத்தார்கள். மேற்கே போனவர்களின் வழிவந்தோர் டிட்ரோயிட், ஒகையோ, கன்சாஸ் என்று தள்ளப்பட்டுக் கடைசியில் பலர் ஒக்லஹோமா சேர்ந்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கும், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போனவர்களுக்கும் இந்த வரிசை விளங்கும்.

ஸ்காபரோ மண்ணும் சும்மா கிடக்கவில்லை. ரூஜ் ஆற்று முகத்துக்குக் கிட்ட 1660களில் ஹோடெனோஷோனியரான செனெக்கா மக்கள் ஊர் அமைத்தார்கள். பிறகு மிசிசாகா மக்கள் வந்தார்கள். அவர்களிடமிருந்து 1787, 1805, 1923 ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் நிலம் கைமாறியது. 1923ஆம் ஆண்டு வில்லியம்ஸ் உடன்படிக்கைகளில் நடந்த அநியாயத்துக்கு 2018இல்தான் மத்திய அரசும் மாகாண அரசும் மன்னிப்புக் கேட்டு, 110 கோடி டொலருக்கு மேல் நட்டஈடு கொடுத்தன.

திரும்பி வந்தவர்கள்

அகதியாய்ப் போனவர்களைக் கை காப்பாற்றியது. 19ஆம் நூற்றாண்டில் வென்டேக்கில் வீட்டுக்கு வீடு பனிச்சப்பாத்தும் மொக்கசின் செருப்பும் செய்து விற்றார்கள். மூஸ் மானின் மயிருக்குச் சாயம் போட்டுப் பூவேலை தைத்தார்கள். வயிற்றுப்பாட்டுக்குச் செய்த அந்தத் தொழில்தான் ஊரை ஊராக வைத்திருந்தது.

மொழி தப்பவில்லை. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வென்டேக்கில் அது பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் சகார் 1632இல் அச்சிட்ட சொற்பட்டியலும், யேசு சபையினர் எழுதிய அகராதிகளும் இலக்கணங்களும் பெட்டகத்தில் கிடந்தன. 2007இல் லவால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'யவென்டா' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். யவென்டா என்றால் குரல். இன்று பிள்ளைகள் அந்த மொழியைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

முன்னோரையும் அவர்கள் மறக்கவில்லை. 1947, 48இல் தொல்லியலாளர் தோண்டியெடுத்த ஒசொசானே எலும்புகள் ரொறன்ரோ நூதனசாலையில் ஐம்பது வருடம் இருந்தன. 1999இல் கியூபெக்கிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வென்டாட் வழிவந்தோர் ஒன்றுகூடி, அவற்றைக் கேட்டு வாங்கி, அதே இடத்தில் திரும்பப் புதைத்தார்கள். 2013 செப்டெம்பரில் ரொறன்ரோப் பல்கலைக்கழகம் வைத்திருந்த 1,760 பேரின் எலும்புகளைக் கிளைன்பேர்க் பக்கத்தில், பழைய முறைப்படி குழி வெட்டி அடக்கம் செய்தார்கள். பிரிந்து முந்நூற்றைம்பது வருடம். பேசும் மொழி பிரெஞ்சும் ஆங்கிலமும். ஆனாலும் 'இது எங்கட அம்மம்மா, எங்கட அப்பப்பா' என்று சொல்லிப் பெட்டிகளைத் திறந்தார்கள்.

டேபர் குன்றின் எலும்புகளுக்கு 1956இல் சடங்கு செய்து திரும்ப அடக்கம் செய்தது யார் தெரியுமா? சிக்ஸ் நேஷன்ஸ் என்ற ஊரிலிருந்து வந்த ஹோடெனோஷோனித் தலைவர்கள். 1649இல் வென்டாட் ஊர்களை எரித்தவர்களின் வழிவந்தோர். அமெரிக்க விடுதலைப் போரில் ஊர் இழந்து 1784க்குப் பிறகு கிராண்ட் ஆற்றங்கரைக்கு வந்தவர்கள், ஆகவே அவர்களும் அகதிகள். 1701இல் மொன்றியலில் ஏறக்குறைய நாற்பது தேசங்கள் கூடிப் பெரும் சமாதானம் செய்தபோது, அதற்காக முன்னின்று உழைத்தவர் கொந்தியாரொங்க் என்ற வென்டாட் தலைவர். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே காய்ச்சலில் இறந்தார். இரு பக்கமும் சேர்ந்து அவரை அடக்கம் செய்தார்கள். பழைய பகையாளி உன் மயானத்துக்கு விளக்கு வைக்கும் காலமும் வரலாம் என்பதை நான் இந்த மக்களின் சரித்திரத்தில்தான் கண்டேன்.

எங்கட கடமை

எங்கட துயிலுமில்லங்களை இயந்திரம் கொண்டு இடித்தபோது எப்படித் துடித்தோம்! கல்லறை இல்லாமல் போனவனுக்கு எங்கே விளக்கு வைப்பது என்று இன்றும் அழுகிற தாய்மார் இந்தச் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அந்த வேதனை தெரிந்த சனம் தன் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மயானத்தை வெறும் புல்மேடு என்று கடந்து போகக்கூடாது. டேபர் குன்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. கோயிலுக்குப் போகிறமாதிரி அமைதியாய்ப் போய், அங்கே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கொடுங்கோ. குப்பை கிடந்தால் பொறுக்குங்கோ. அடுத்த விழாவில் அந்தப் பிள்ளை நிலத்தின் சொந்தக்காரரின் பெயரை வாசிக்கும்போது தான் என்ன வாசிக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, வென்டாட் மொழியை மீட்க அந்நியர் எழுதிய அகராதிதான் இருந்தது. எங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது. அம்மம்மாவின் கூழ்ச் செய்முறை, அப்பப்பா புகையிலைக்குச் சொன்ன கணக்கு, அந்தியேட்டிச் சடங்கின் ஒழுங்கு, ஊர்க் குளத்தின் பெயர், எல்லாவற்றையும் எங்கட கையாலேயே கொப்பியில் எழுதிவைப்போம். கனடாவில் பிறந்த பிள்ளை அதை எப்போது தேடும் என்று சொல்ல முடியாது. முந்நூற்றைம்பது வருடம் கழித்தும் தேடலாம்.

மூன்றாவது ஒரு சின்னக் காரியம். விக்ரோறியா தினம் கழிந்து பனிப் பயம் போனதும், பின்வளவில் நாலடி இடைவெளியில் இரண்டு மூன்று மேடு கட்டுங்கோ. மேட்டுக்கு நாலைந்து சோளன் விதை. அது ஒரு சாண் வந்ததும் சுற்றிவர ஏறுபோஞ்சி. ஒரு கிழமை பொறுத்து ஓரத்தில் பூசணி. வெயில் படும் இடமாக இருக்கட்டும். ஆவணியில் சோளன் பொத்தி முறிக்கும்போது, அறுநூறு எழுநூறு வருடத்துக்கு முன் இதே மண்ணில் இதே மேட்டைக் கட்டிய பெண்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.